தண்ணீர்த் தொட்டிக்குள் பிளந்த விமானம்

1954 ஏப்ரல் 13ஆம் தேதி காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நீளும் கரிசல் காட்டுக்கு அது தன் வீட்டுப் பிள்ளை கோட்டைக்குப் போன நாள். அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 12 அன்று, பிரிட்டனில் வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட்டின் பறக்கும் தகுதிச் சான்றிதழை அந்நாட்டு அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த இரண்டு செய்திகளையும் அன்று யாரும் சேர்த்துப் படித்திருக்க மாட்டார்கள். திருச்சுழிக்கு அப்போது ரயிலே வந்திருக்கவில்லை. மானாமதுரையையும் விருதுநகரையும் இணைக்கும் பாதை 1960களின் முற்பகுதியில்தான் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாகப் போடப்பட்டது. ஜெட் விமானம் என்பது வேறு உலகத்துச் சங்கதி. ஆனால் காமராசர் காலத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பறக்கிறார்கள். அவர்கள் பயமில்லாமல் பறப்பதற்கான காரணங்களில் ஒன்று, அந்த ஏப்ரல் 12க்குப் பிறகு நடந்த விசாரணை. அதைப் பற்றி நம் ஊரில் பேசுவார் இல்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் விமானத்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் பின்னால் திருத்தி, பலப்படுத்தி, எஞ்சின் மாற்றிக் கட்டப்பட்ட இரண்டாம், மூன்றாம், நான்காம் வகைகளை யாரும் நினைப்பதில்லை. மக்களைச் சுமந்தது பெரும்பாலும் அந்தப் பின்னால் வந்த வகைகள்தான். நம் நாட்டு வானில் பறந்த முதல் தலைமுறை ஜெட்டுகளும் அப்படிப்பட்டவையே. ஏர் இந்தியா வாங்கியது போயிங் 707 வரிசையில் 437 என்ற வகை. இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கியது பிரெஞ்சுக் கேரவெல் வரிசையில் 6-என் என்ற வகை. இவை இரண்டும் எதைக் கற்றுக்கொண்டு வந்தன, எதைக் கற்காமல் விட்டன என்று பார்க்க, முதலில் கோமெட்டிடம் போக வேண்டும்.

கோமெட் 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு கிளம்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கராச்சி, பம்பாய் வழியாகக் கொழும்பு வரைக்கும் சேவை நீண்டது. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. அதே இலங்கையின் கொழும்பில் ஜெட் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட ஒரு கோமெட் சில நிமிடங்களில் இடி மழைக் காற்றுக்குள் சிதறி விழுந்தது. 43 பேரும் இறந்தார்கள். கடுங்காற்றின் மோதலாலோ, காற்றோடு போராடிய விமானி அளவுக்கு மீறி இழுத்ததாலோ விமானத்தின் உடல் உடைந்தது என்று இந்தியாவில் நடந்த விசாரணை முடிவு கூறியது. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே, தெளிவான வானத்தில், இன்னொரு கோமெட் சிதறியது. 35 பேர் இறந்தார்கள். இந்த முறை மழையும் இல்லை, புயலும் இல்லை.

இங்கேதான் என் மனம் நிற்கிறது. எல்பா விபத்துக்குப் பிறகு கோமெட்டுகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. தீப்பிடித்திருக்கலாம், எஞ்சின் உடைந்திருக்கலாம் என்று பல சந்தேகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தமாக ஏறத்தாழ 60 மாற்றங்களைச் செய்தார்கள். எது காரணம் என்று மட்டும் கண்டுபிடிக்கவில்லை. மார்ச் 23 அன்று விமானங்களை மீண்டும் பறக்க விட்டார்கள். இரண்டு வாரம்தான். ஏப்ரல் 8 அன்று ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் போன கோமெட் நேப்பிள்ஸுக்கு அருகே கடலில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். இந்த 21 பேரின் சாவு தவிர்த்திருக்கக்கூடியது. காரணம் தெரியாத ஒரு கோளாறுக்கு வைத்தியம் பார்த்துவிட்டோம் என்று நம்பியதன் விலை அது.

அதன் பிறகு நடந்ததுதான் வரலாற்றில் நிற்கத் தக்கது. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் தலைவர் ஆர்னால்டு ஹால் ஒரு முழுக் கோமெட்டையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். இறக்கை இரண்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உடம்புக்குள்ளும் தண்ணீர், வெளியிலும் தண்ணீர். உயரப் பறக்கும்போது விமானத்தின் உள்ளே உள்ள காற்றழுத்தத்துக்கும் வெளியே உள்ளதற்கும் இடையிலான வேறுபாடு ஏறும், இறங்கியதும் குறையும். அதே போல் உள்ளே இருந்த தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். இறக்கைகளை இயந்திரக் கரங்கள் மேலும் கீழும் அசைத்தன. சில மணி நேரப் பயணத்தின் பாரம் சில நிமிடங்களில் விமானத்தின் மேல் ஏறி இறங்கியது. இரவும் பகலும் இது நடந்தது. காற்றை வைத்துச் செய்திருந்தால் உடையும்போது குண்டு வெடித்ததுபோல் எல்லாம் சிதறிப்போய், எங்கிருந்து உடைந்தது என்று தெரியாமல் போயிருக்கும். தண்ணீர் அமுங்காது. அதனால் உலோகம் பிளந்தாலும் பிளந்த இடம் அப்படியே நிற்கும்.

ஜூன் மாதத்தில் அது பிளந்தது. அதற்கு முன் அந்த விமானம் உண்மையில் பறந்த பயணங்களையும் தொட்டிக்குள் பறந்த பயணங்களையும் கூட்டினால் சுமார் 3,060. பத்தாயிரக்கணக்கில் தாங்கும் என்று கட்டியவர்கள் நம்பியிருந்த உடம்பு அது. எல்பாவில் விழுந்த விமானம் 1,290 பயணங்களிலும், நேப்பிள்ஸில் விழுந்தது 900 பயணங்களிலும் உடைந்திருந்தன.

கட்டிய டி ஹாவிலண்ட் நிறுவனம் சோதனை செய்யாமல் விட்டுவிடவில்லை. செய்தார்கள், நிறையவே செய்தார்கள். தவறு நுட்பமானது. ஒரு மாதிரி உடம்பை எடுத்து முதலில் இரு மடங்கு அழுத்தம் கொடுத்து, அது தாங்குகிறதா என்று பார்த்தார்கள். தாங்கியது. பிறகு அதே உடம்பைத் திரும்பத் திரும்ப அழுத்தி, எத்தனை முறை தாங்கும் என்று எண்ணினார்கள். 16,000 முறைக்கு மேல் தாங்கியது. முதலில் கொடுத்த பெரும் அழுத்தம், வெட்டுகளின் ஓரங்களில் இருந்த உலோகத்தை இறுக்கிக் கெட்டிப்படுத்திவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்தக் கெட்டி கிடையாது. கமலை இறைத்த ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வடக்கயிறு ஒரு நாளைக்கு எவ்வளவு பாரம் இழுக்கும் என்பது ஒரு கேள்வி. அதே பாரத்தை எத்தனை நாளைக்கு இழுக்கும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிட முடியாது.

கோமெட்டின் சதுர ஜன்னல்தான் அதைக் கொன்றது என்று இன்றும் எழுதுகிறார்கள். ஓரளவுதான் உண்மை. எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கிய இடம், திசையறியும் ஆன்டெனாவுக்காக மேற்கூரையில் வெட்டியிருந்த ஒரு திறப்பின் மூலை. பயணிகள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் அல்ல. அந்த மூலைக்கு அருகே ஒரு ஆணித்துளையில் தொடங்கி, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மயிரிழை வளர்ந்த விரிசல்.

1954 அக்டோபரில் கோஹன் பிரபு தலைமையில் விசாரணை பொது அவையில் நடந்தது. சாட்சிகளைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். பொறியாளர்களின் கணக்குகள் மேஜை மேல் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அறிக்கை வெளிவந்தது. டி ஹாவிலண்டின் போட்டியாளர்களான போயிங்கும் டக்ளஸும் அதைப் படித்துத் தங்கள் விமானங்களின் உடலை எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு விரிசல் தொடங்கினாலும் அது உடம்பெங்கும் ஓடிவிடாமல் தடுக்கும் பட்டைகள், வட்ட மூலைகள், முழு உடம்பையும் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லாம் உலகத்துக்குப் பொதுவாயின. கோமெட் விசாரணையில் கலந்துகொண்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன், விமானி அறையில் கடைசியாகப் பேசப்பட்டதைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்திருந்தால் எத்தனை எளிதாக இருந்திருக்கும் என்று யோசித்தார். கறுப்புப் பெட்டி அங்கிருந்துதான் பிறந்தது.

பிரிட்டன் இதனால் நஷ்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெட் சந்தையில் அதற்கிருந்த முன்னிலை போய்விட்டது. வட்ட ஜன்னலும் தடித்த தோலும் வலுவான ஆவான் எஞ்சின்களுமாகத் திருத்திக் கட்டிய கோமெட் 4, 1958 அக்டோபர் 4 அன்று அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெட் ஆனது. அதே மாதம் 26ஆம் தேதி போயிங் 707 நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. 707 கோமெட்டைவிடப் பெரியது, வேகமானது. அதன் பிறகு கோமெட்டால் தலைதூக்க முடியவில்லை. ஆனாலும் திருத்தப்பட்ட கோமெட் நல்ல விமானம். அந்த வரிசையின் கடைசி வகையான 4-சி மத்தியக் கிழக்கிலும் சூடானிலும் மெக்சிகோவிலும் பறந்தது. 1980 நவம்பர் வரை கோமெட் பயணிகளைச் சுமந்தது. அழுத்தத்தால் உடம்பு வெடித்த கோமெட் 4 என்று ஒன்றுகூட இல்லை. 1963 ஜூலையில் எகிப்திய நிறுவனத்தின் கோமெட் 4-சி ஒன்று பம்பாய்க்கு அருகே கடலில் விழுந்து 63 பேர் இறந்தது உண்மை. அது இறங்க முயன்றபோது மோசமான வானிலையில் நேர்ந்தது.

கடைசியாகக் கட்டி முடிக்காமல் கிடந்த இரண்டு கோமெட் 4-சி உடல்களிலிருந்துதான் நிம்ராடு என்ற கடற்கண்காணிப்பு விமானம் பிறந்தது. அது 2011 வரை பிரிட்டனின் விமானப்படையில் இருந்தது. சான்றிதழ் பறிக்கப்பட்ட ஒரு விமானத்தின் வம்சம் இவ்வளவு காலம் நீண்டதற்கு ஒரே காரணம், அதன் தவறு ஒளிக்கப்படவில்லை என்பதுதான்.

இனி நம் பக்கம் வருவோம். 1960 பிப்ரவரியில் ஏர் இந்தியாவின் முதல் போயிங் 707 பம்பாய் வந்தது. பெயர் கௌரி சங்கர். ஜெட் விமானத்தில் இறங்கிய முதல் ஆசிய நிறுவனம் ஏர் இந்தியா. அதே ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் வரை பறந்தது. 1962 ஜூனில் முழுக்க ஜெட் விமானங்களை மட்டுமே வைத்திருக்கும் உலகின் முதல் விமான நிறுவனம் ஆனது. ஜே.ஆர்.டி. டாட்டா கட்டிய பெருமை அது. சுதந்திரம் வாங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு ஏழை நாடு இதைச் செய்தது என்பதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு.

அந்த 707, அமெரிக்காவில் பறந்த முதல் வகை அல்ல. ரோல்ஸ் ராய்ஸ் கான்வே எஞ்சின் பூட்டிய வகை. பிரிட்டிஷ் நிறுவனமும் இதே வகையைக் கேட்டிருந்ததால் பிரிட்டனின் சான்றிதழ் அமைப்பு அதைச் சோதித்தது. அந்த அமைப்பின் சோதனை விமானி டி.பி. டேவிஸ், இந்த விமானம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் அடக்குவது கடினம், ஒரு பக்க எஞ்சின் நின்றால் வால் போதாது என்று சொன்னார். வாலை உயர்த்தாமல் சான்றிதழ் தர மறுத்தார்கள். 1959 அக்டோபரில் அமெரிக்காவில் பயிற்சியின்போது ஒரு 707 இப்படி ஆடி, எஞ்சின்கள் பிய்ந்து விழுந்து நால்வர் இறந்திருந்தார்கள். போயிங் இறங்கி வந்தது. வாலை உயர்த்தியது, அடியில் இன்னொரு சிறு துடுப்பையும் சேர்த்தது. முன்பே பறந்துகொண்டிருந்த 707களுக்கும் பிறகு வால் உயர்ந்தது. போயிங் போன்ற பெரிய நிறுவனத்தைப் பார்த்து ஒரு சோதனை விமானி முடியாது என்று சொன்னார், அவருக்குப் பின்னால் அவருடைய அமைப்பு நின்றது.

சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு நம்மவர்கள் நெடுங்காலம் கப்பலில் போனார்கள். ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் கதை தென்மாவட்டங்களில் பல குடும்பங்களில் உண்டு. பிறகு எம்.வி. சிதம்பரம். 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே வசதி உள்ளவர்கள் விமானத்துக்கு மாறியிருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னை வழியாகப் பம்பாய் போகும் ஏர் இந்தியா விமானம் அப்படிப்பட்ட ஒன்று. 1982 ஜூன் 22 அதிகாலை, கொட்டும் மழையில், அந்தப் பாதையில் வந்த 707 பம்பாயில் இறங்கும்போது ஓடுபாதையில் மோதி உடைந்தது. இருந்த 111 பேரில் 17 பேர் இறந்தார்கள். உயரத்தைக் கணிப்பதில் விமானி தவறி எஞ்சின் வேகத்தைக் குறைத்ததே காரணம் என்று விசாரணை கண்டது. உடைந்த விமானம் வேறெதுவும் அல்ல, 1960இல் வந்திறங்கிய அதே கௌரி சங்கர். இருபத்திரண்டு ஆண்டு உழைத்த விமானம். உடம்பு சோரவில்லை. கோமெட் கற்றுத் தந்ததை அந்த உடம்பு கற்றிருந்தது. தவறியது வேறு இடத்தில்.

கேரவெல் கதை இதைவிட நெருக்கமானது, இதைவிட வலிப்பது. பிரான்சின் துலூஸ் நகரில் கட்டப்பட்ட இந்த விமானம் 1955 மே 27 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் மூக்கும் விமானி அறையும் கோமெட்டினுடையவை. டி ஹாவிலண்டிடம் உரிமம் வாங்கி அப்படியே பொருத்தினார்கள். எஞ்சின்களைக் கோமெட்போல் இறக்கைக்குள் புதைக்காமல், உடம்பின் பின்பகுதியில் இரு பக்கமும் ஒட்டினார்கள். பயணிகள் ஜெட்டுகளில் அது புதிது. பயணிகளின் காதுக்கு நிம்மதி, இறக்கையும் சுத்தமாக இருந்தது. பிறகு வந்த டிசி-9 உட்பட எத்தனையோ விமானங்கள் இதைப் பின்பற்றின. மொத்தம் ஏறத்தாழ 280 கேரவெல்கள் கட்டப்பட்டன. முதல் வகை, மூன்றாம் வகை என்று வளர்ந்து, வலுவான ஆவான் எஞ்சின்களோடு 6-என் வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1964இல் ஜெட் யுகத்துக்குள் வந்தது இந்த 6-என் வகையில்தான். பின்கதவைத் திறந்தால் படிக்கட்டு இறங்கும். இறங்கியதும் வேகத்தைக் குறைக்க வாலிலிருந்து குடை விரியும். சென்னை மீனம்பாக்கத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அந்தக் குடையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்த ஆண்டின் கடைசியில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடிக் கப்பல் வழி அறுந்த ஆண்டும் ஜெட் வந்த ஆண்டும் ஒன்றே.

பின்னால் ஒட்டிய எஞ்சினுக்கு ஒரு விலை இருந்தது. எரிபொருள் இருப்பது இறக்கையில். எஞ்சின் இருப்பது வாலில். ஆகவே எரிபொருள் குழாய்கள் பயணிகள் இருக்கும் உடம்பின் வழியாகப் போக வேண்டும். வாலைத் திருப்பும் கட்டுப்பாடுகளும் எஞ்சினுக்கு அருகிலேயே இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை இதில் ஆபத்து இல்லை.

1976 அக்டோபர் 12, நள்ளிரவு கடந்த நேரம். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸின் 171ஆம் எண் விமானம். கேரவெல் 6-என். 89 பயணிகள், 6 பணியாளர்கள். மேலெழுந்த சிறிது நேரத்தில் வலது எஞ்சினின் கம்பிரசரில் ஒரு தட்டு சோர்வு விரிசலால் உடைந்தது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் தட்டு. துண்டுகள் எஞ்சின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறின. எரிபொருள் குழாய் அறுந்தது. தீ உடம்புக்குள் வந்தது. விமானிகள் திரும்பி ஓடுபாதையை நோக்கி வந்தார்கள். தீ ஹைட்ராலிக் எண்ணெயை எரித்துத் தீர்த்ததும் கட்டுப்பாடுகள் செயலிழந்தன. ஓடுபாதைக்கு முன்பே விமானம் விழுந்தது. 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தமிழ்நாடு இதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? நடிகை ராணி சந்திரா இறந்த விபத்து. 'பத்ரகாளி' படம் முடியும் முன்பே அவர் இறந்ததால், அவர் சாயலில் இருந்த இன்னொரு பெண்ணை வைத்து முடித்த கதை. அவர் இறப்பு வருந்தத்தக்கது, அதை நினைவில் வைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த விமானத்தில் சென்னை நோக்கி வந்த மற்ற எல்லோரும் எங்கே போனார்கள்? எந்தத் தட்டு ஏன் உடைந்தது என்று நம் பள்ளிப் பாடத்திலும் இல்லை, பொறியியல் கல்லூரிகளின் பேச்சிலும் இல்லை.

அந்த நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலை அமலில் இருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரி இறுதியிலேயே ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். கேள்வி கேட்பதையே நாடு மறந்திருந்த காலம். அடுத்த ஆண்டுதான் தேர்தல் வந்து, அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்ற எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1954இல் லண்டனில் திறந்த அவையில் கேட்ட கேள்விகளைக் கேட்பதற்கு 1976இல் நம்மிடம் நாடாளுமன்றமும் பத்திரிகையும் வாய் திறந்த நிலையில் இல்லை.

ஒப்பிடுவதற்கு இன்னொன்று. 1989 ஜூலையில் அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால் எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்தது. அதுவும் உலோகச் சோர்வு. துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தன. சூ சிட்டியில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், ஆனால் அதைவிட அதிகமானோர் பிழைத்தார்கள். அந்த விசாரணையின் ஒவ்வொரு பக்கமும் வெளிவந்தது. தட்டு வார்க்கப்பட்டபோதே டைட்டானியத்தில் இருந்த குறை எது, பரிசோதித்தவர் கண்ணில் அது ஏன் படவில்லை என்பது வரைக்கும் எழுதப்பட்டது. உலகெங்கும் விமானிகளும் பராமரிப்புப் பொறியாளர்களும் இன்றும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். பம்பாயில் 95 பேரைக் கொன்ற தட்டும் அதே இனத்துக் கோளாறுதான், பதின்மூன்று ஆண்டு முன்பே நடந்தது. அது பாடமாகவில்லை. நம் ஆட்கள் இறந்தார்கள், பாடத்தை வேறு நாட்டு விபத்திலிருந்து கற்றோம்.

இதைவிட அருகிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ விமானம் சின்னமனூருக்கு மேலே மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். அது ஜெட் அல்ல, இந்தக் கட்டுரையின் பொருளுக்குச் சற்று வெளியே. ஆனாலும் மதுரை விமான நிலையத்தில் காத்திருந்த குடும்பங்களின் விபத்து அது.

அந்த மதுரை விமான நிலையத்துக்கு இன்று அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். 2012இல் கொழும்புக்குச் சேவை தொடங்கியது. கண்மாய் நிறையாத ஆண்டுகள் அதிகமான இந்தப் பூமியில், நூற்பாலையும் தறியும் மிளகாயும் மல்லியும் போதாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் கிளம்புகிறார்கள். நகையை அடகு வைத்து எடுத்த டிக்கெட்டில் முதல் முறை விமானம் ஏறும் ஒரு திருச்சுழிப் பையனுக்குத் தான் ஏறும் விமானத்தின் வம்ச வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வம்சத்தில் யாரோ இறந்தபோது, ஏன் இறந்தார்கள் என்பதை அரசு முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அவன் உயிர் அதில்தான் இருக்கிறது.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து, விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் எண்ணும் 171. ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வந்தது. விமானிகள்தான் காரணம் என்று ஒரு கூட்டம், எஞ்சின்தான் என்று ஒரு கூட்டம், இரண்டு தரப்பும் அறிக்கையின் சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மோதின. இறந்துபோன விமானிகளின் குடும்பங்கள் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. விசாரணையின் நோக்கம் குற்றவாளியைப் பிடிப்பதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது என்று பன்னாட்டு விமான விதி எழுதியிருக்கிறது. அந்த விதியில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது.

நம்மிடம் விபத்து விசாரணைக்கென்று ஒரு தனி அலுவலகம் 2012இலிருந்து இருக்கிறது. அதுவும், விமானங்களுக்கு அனுமதி தரும் இயக்குநரகமும், ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன. அனுமதி தந்ததில் தவறு நேர்ந்திருந்தால் அதைச் சொல்லும் துணிவு, அதே வீட்டில் இருப்பவருக்கு எளிதில் வராது. அமெரிக்காவில் விசாரணை வாரியம் போக்குவரத்துத் துறைக்கு வெளியே நிற்கிறது. டேவிஸுக்குப் பின்னால் ஒரு அமைப்பு நின்றது போல, நம் விசாரணையாளருக்குப் பின்னாலும் யாருக்கும் கட்டுப்படாத ஒரு அமைப்பு நிற்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவற்றை நேராகக் கேட்கிறேன். விபத்து விசாரணை அலுவலகத்தை அமைச்சகத்திலிருந்து பிரித்து, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தனி அமைப்பாக்குங்கள். அகமதாபாத் பற்றிய இறுதி அறிக்கையை, விமானி அறைப் பேச்சில் விசாரணைக்கு வேண்டிய பகுதிகள் உட்பட, ஒரு பக்கம் விடாமல் மக்கள் முன் வையுங்கள். 1971 சின்னமனூர், 1976 பம்பாய், 1982 பம்பாய் என்று நம்மவர்கள் இறந்த விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை ஓரிடத்தில் சேர்த்து, தமிழிலும் படிக்கத் தாருங்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் இயந்திரவியல் படிக்கும் மாணவருக்குக் கோமெட்டின் தொட்டியோடு 171இன் தட்டும் பாடமாக இருக்கட்டும். அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், திருச்சுழி இராமநாதபுரம் தொகுதியிலும் இருக்கின்றன. இரண்டு உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுக்கலாம். அவர்களிடம் அதைக் கேட்க வேண்டியவர்கள், பிள்ளையை விமானமேற்றி அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் நீங்கள்தான்.